சிங்கராசா வழக்கு

சிங்கராசா வழக்கு என்பது, இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1995 ஆம் ஆண்டில் அளிக்கப்பட்ட ஒரு குற்றத் தீர்ப்பையும், அதனை எதிர்த்து 2006 ஆம் ஆண்டு வரை நடத்தப்பட்ட மேன்முறையீடுகளையும் குறிக்கும். மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசா என்னும் தமிழர், பொலிசாரிடம் அளித்ததாகக் கூறப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றை மட்டுமே சான்றாகக் கொண்டு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இத்தண்டனை பின்னர் 35 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. சித்திரவதையால் பெறப்பட்டது என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் கூறும் வாக்குமூலத்தை மேன்முறையீட்டில் எவ்வாறு எதிர்க்க முடியும், அது பலிக்காதபோது பன்னாட்டு அமைப்பொன்றை நாடுவதால் பயன் உண்டா என்னும் இரண்டு கேள்விகளுக்கும் இவ்வழக்கு முக்கியமான எடுத்துக்காட்டாகும்.

இலங்கையில் குற்ற வழக்குகளை முதலில் விசாரிக்கும் மேல் நீதிமன்றத்துக்கு மேலே மேன்முறையீட்டு நீதிமன்றமும், எல்லாவற்றுக்கும் மேலே உயர் நீதிமன்றமும் உள்ளன. தமிழ்நாட்டு வழக்கில் உயர் நீதிமன்றம் என்பது மாநில அளவிலான நீதிமன்றத்தைக் குறிக்கும். இக்கட்டுரையில் இலங்கை தொடர்பான பகுதிகளில் உயர் நீதிமன்றம் என்பது அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றமாகும்.

சட்டப் பின்னணி

பொலிஸ் அதிகாரியிடம் ஒருவர் செய்யும் குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்கலாகாது என்பது, பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்றப்பட்ட சான்றுச் சட்டங்களின் அடிப்படை விதிகளுள் ஒன்று. 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தின் 25 ஆம் பிரிவிலும், அதனைப் பின்பற்றி 1895 இல் இயற்றப்பட்ட இலங்கைச் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 25 ஆம் பிரிவிலும் இவ்விதி காணப்படுகிறது. பொலிஸ் காவலில் இருப்பவரை அடித்தும் அச்சுறுத்தியும் ஒப்புதல் பெறும் வழக்கம் பரவலாக இருந்ததே இவ்விதி ஏற்படக் காரணமாகும். மேலும், அதிகாரத்தில் உள்ளவரின் தூண்டுதல், அச்சுறுத்தல், வாக்குறுதி ஆகியவற்றால் பெறப்பட்ட ஒப்புதல் வழக்குக்கு ஏற்புடையதன்று என 24 ஆம் பிரிவு கூறுகிறது.

இலங்கையில் 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இப்பாதுகாப்பைப் பெருமளவு நீக்கியது. தற்காலிகச் சட்டமாக மூன்று ஆண்டுகளுக்கென இயற்றப்பட்ட இது, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. இவ்வழக்குக்குத் தொடர்புடைய விதிகள் பின்வருமாறு:

- உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன்னிலையில் அளிக்கப்படும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கலாம் (பிரிவு 16, உட்பிரிவு 1).
- அவ்வாக்குமூலம் 24 ஆம் பிரிவின்படி ஏற்புடையதன்று என்பதை நிரூபிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவரையே சாரும் (பிரிவு 16, உட்பிரிவு 2).
- ஒருவரை நீதிமன்ற விசாரணையின்றி அமைச்சரின் ஆணையின்பேரில் நீண்டகாலம் தடுத்து வைக்கலாம் (பிரிவு 9). தொடக்கத்தில் இதன் உச்ச வரம்பு 18 மாதங்களாக இருந்தது.

இவ்விதிகள் ஒன்றோடொன்று இணையும்போதுதான் அவற்றின் முழு விளைவு புலப்படுகிறது. பொலிசாரின் கையில் நெடுங்காலம் இருக்கும் ஒருவர், அங்கு அளித்ததாகக் கூறப்படும் வாக்குமூலம் தன் விருப்பத்துக்கு மாறானது என்பதைத் தானே நிரூபிக்க வேண்டியவராகிறார். அந்நேரத்தில் அங்கிருந்த சாட்சிகள் பொலிசார் மட்டுமே.

கைதும் வாக்குமூலமும்

1993 ஆம் ஆண்டு ஜூலை 16 ஆம் நாள் அதிகாலையில், சிங்கராசாவின் ஊரில் நடந்த சுற்றிவளைப்பில் சுமார் 150 தமிழ் ஆண்கள் பாதுகாப்புப் படையினரால் கைது செய்யப்பட்டனர். கைதுக்கான காரணம் எவருக்கும் கூறப்படவில்லை என அவர் பின்னர் முறையிட்டார். அனைவரும் கொம்மாதுறை இராணுவ முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். விடுதலைப் புலிகளுக்கு ஆதரவளித்ததாக அவர்கள்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. தனது கைகள் கட்டப்பட்டு, மாமரத்தில் தொங்கவிடப்பட்டுத் தாக்கப்பட்டதாகச் சிங்கராசா கூறினார். அன்று மாலையே அவர் மட்டக்களப்புப் பொலிசாரிடம் ஒப்படைக்கப்பட்டு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார்.

அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில், குற்றப் புலனாய்வுப் பிரிவைச் சேர்ந்த உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் முன் அவர் நிறுத்தப்பட்டார். அங்கிருந்த மற்றொருவர் பொலிஸ் கான்ஸ்டபிள் ஒருவர் மட்டுமே. சிங்கராசாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அவர் தமிழில் கூறிய விடைகளைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தவரும், அவற்றைத் தட்டச்சு செய்தவரும் அதே கான்ஸ்டபிள்தான். வழக்கறிஞரோ வெளி மொழிபெயர்ப்பாளரோ அங்கு இருக்கவில்லை. தட்டச்சு செய்த பத்திரத்தில் கையொப்பமிடச் சொன்னபோது, அதிலுள்ளது தனக்குப் புரியாததால் தான் மறுத்ததாகவும், அதன்பின் தனது பெருவிரல் அடையாளம் பலவந்தமாகப் பதிக்கப்பட்டதாகவும் அவர் கூறினார்.

மேல் நீதிமன்ற விசாரணை

1994 செப்டம்பரில் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் ஐந்து குற்றச்சாட்டுகள் அடங்கிய குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. சட்டப்படி அமைந்த அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்னும் முதலாவது குற்றச்சாட்டு அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் அமைந்தது. யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு ஆகிய நான்கு இராணுவ முகாம்களைத் தாக்கியதாகக் கூறும் ஏனைய நான்கும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அமைந்தன. இவ்வனைத்துக்கும் ஆதாரமாக அரசு தரப்பு முன்வைத்தது ஒப்புதல் வாக்குமூலத்தையே.

வாக்குமூலம் ஏற்கத்தக்கதா என்பதைத் தீர்மானிக்க 1995 ஜூன் மாதத்தில் உண்மை விளம்பல் விசாரணை நடைபெற்றது. ஓர் ஒப்புதல் விருப்பத்துடன் அளிக்கப்பட்டதா என்பதை மட்டும் ஆராய, முதன்மை விசாரணைக்குள் தனியாக நடத்தப்படும் சிறு விசாரணையை இப்பெயரால் அழைப்பர். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், கான்ஸ்டபிள், சிங்கராசா ஆகிய மூவரும் இதில் சாட்சியமளித்தனர். மருத்துவ அறிக்கை ஒன்றும் நீதிமன்றத்தின் முன் இருந்தது. அவரது முதுகில் வடுக்கள் உள்ளன என்றும், இடது கண்ணில் ஏற்பட்ட காயத்தால் பார்வை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டுள்ளது என்றும் அவ்வறிக்கை கூறியது.

எனினும், வாக்குமூலம் ஏற்கத்தக்கதே என நீதிமன்றம் முடிவு செய்தது. உடலில் வடுக்கள் இருப்பதை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அக்காயங்கள் இந்நிகழ்வுக்கு முன்னரோ பின்னரோ ஏற்பட்டிருக்கலாம் எனக் கருதியது. அடிக்கப்பட்டதைப் பற்றி அவர் எவரிடமும் முறையிடவில்லை என்பதும், நீதவானிடமும் கூறவில்லை என்பதும் அவருக்கு எதிரான காரணங்களாகக் கொள்ளப்பட்டன. மீண்டும் பொலிஸ் காவலுக்கே திரும்ப வேண்டியிருந்ததால் பழிவாங்கலுக்கு அஞ்சி நீதவானிடம் கூறவில்லை என்று அவர் அளித்த விளக்கம் கருத்தில் கொள்ளப்படவில்லை. 1995 செப்டம்பர் 29 ஆம் நாள் அவர் ஐந்து குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளியாகக் காணப்பட்டார். அக்டோபர் 4 ஆம் நாள் மொத்தம் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மேன்முறையீடுகள்

ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்ட தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டில் பொதுவாக இரண்டு கேள்விகள் எழுப்பப்படும். முதலாவது, அவ்வாக்குமூலம் சான்றாக ஏற்கப்பட்டிருக்க வேண்டுமா என்பது. இரண்டாவது, அது ஏற்கத்தக்கதே என்றாலும், அதில் கூறப்பட்டவை உண்மையென நம்பத்தக்கனவா என்பது. சாட்சிகளை நேரில் கண்டு கேட்டவர் விசாரணை நீதிபதியே என்பதால், யார் சொல்வதை நம்புவது என்பதில் அவர் எடுத்த முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் எளிதில் மாற்றுவதில்லை. ஆகவே, பொலிசாரின் சொல்லும் கைதியின் சொல்லும் மட்டுமே எதிரெதிரே நிற்கும் வழக்குகளில், மருத்துவ அறிக்கை போன்ற புறச்சான்றுகளை நீதிமன்றம் எவ்வளவு தூரம் ஆராய்ந்தது என்பதே மேன்முறையீட்டின் மையமாக அமைகிறது.

மேன்முறையீட்டு நீதிமன்றம் 1999 ஜூலை 6 ஆம் நாள் தீர்ப்பை உறுதி செய்தது. தண்டனை மட்டும் 35 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்வதற்குச் சிறப்பு அனுமதி கோரிய மனு 2000 ஜனவரி 28 ஆம் நாள் நிராகரிக்கப்பட்டது. இத்துடன் உள்நாட்டில் அவருக்கு இருந்த வழக்கமான மேன்முறையீட்டு வழிகள் முடிவடைந்தன.

மனித உரிமைகள் குழுவின் கருத்து

குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் மீதான சர்வதேச சமவாயத்தில் இலங்கை 1980 இல் இணைந்தது. அச்சமவாயத்தின் முதலாவது விருப்பத்திற்குரிய நெறிமுறையில் 1997 அக்டோபரில் இணைந்தது. தங்கள் உரிமை மீறப்பட்டதாகக் கருதும் தனி நபர்கள், உள்நாட்டு வழிகள் முடிந்தபின், ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவிடம் முறையிட இந்நெறிமுறை இடமளிக்கிறது. சிங்கராசாவின் முறைப்பாடு 2001 இல் பதிவு செய்யப்பட்டது.

இந்நெறிமுறை இலங்கைக்கு நடைமுறைக்கு வந்தது 1998 ஜனவரியில். ஆனால் கைது, வாக்குமூலம், முதல் தீர்ப்பு ஆகிய அனைத்தும் அதற்கு முந்தியவை. இத்தடையைக் குழு பின்வருமாறு கடந்தது: மேன்முறையீட்டுத் தீர்ப்பும் உயர் நீதிமன்றத்தின் நிராகரிப்பும் 1998 க்குப் பின்னர் நிகழ்ந்தவை. முதல் தீர்ப்பை உறுதி செய்யும் மேன்முறையீட்டு நீதிமன்றம், அவ்விசாரணை நடத்தப்பட்ட விதத்தையும் உறுதி செய்கிறது. எனவே விசாரணை நியாயமானதா என்பதை ஆராயலாம் என்பது குழுவின் நிலைப்பாடு.

2004 ஜூலை 21 ஆம் நாள் குழு தனது கருத்தை ஏற்றுக்கொண்டது. அதன் முக்கிய முடிவுகள் வருமாறு:

- மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமை நீதிமன்ற விசாரணைக்கு மட்டுமே உரியது. அது சிங்கராசாவுக்கு வழங்கப்பட்டது. ஆயினும், இரண்டு புலனாய்வு அதிகாரிகள் மட்டும் இருக்க, அவர்களுள் ஒருவரே மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்த வாக்குமூலத்தை மட்டும் நம்பித் தண்டித்தது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியதாகும்.
- ஒப்புதல் வற்புறுத்தலின்றிப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு அரசு தரப்புக்கே உரியது. அதனைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீது சுமத்துவது, தனக்கு எதிராகச் சாட்சியமளிக்கக் கட்டாயப்படுத்தப்படாதிருக்கும் உரிமையையும், குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதியாகக் கருதப்படும் உரிமையையும் மீறுகிறது.
- மேன்முறையீடு முடிவடைய நான்கு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது தேவையற்ற தாமதமாகும்.

குற்றஞ்சாட்டப்பட்டவர் நிரூபிக்க வேண்டிய அளவு மிகக் குறைவானது என்றும், ஒப்புதல் விருப்பமின்றிப் பெறப்பட்டிருக்கக்கூடும் என்ற வாய்ப்பைக் காட்டுவதே போதும் என்றும் அரசு வாதிட்டது. வாக்குமூலம் எழுதப்பட்டு ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் பெறப்பட்ட மருத்துவ அறிக்கை முடிவானதல்ல என்று கூறியே எல்லா நீதிமன்றங்களும் சித்திரவதை முறைப்பாட்டைத் தள்ளிவிட்டன. ஆதலால் அக்குறைந்த அளவுகூட நடைமுறையில் பின்பற்றப்படவில்லை எனக் குழு சுட்டிக்காட்டியது. விடுதலை அல்லது மறுவிசாரணை, இழப்பீடு ஆகியவை உள்ளிட்ட தகுந்த பரிகாரத்தை வழங்குமாறும், சட்டத்தின் தொடர்புடைய பிரிவுகளைச் சமவாயத்துக்கு இணங்கத் திருத்துமாறும் அது இலங்கையைக் கேட்டுக்கொண்டது. அதியுயர் நீதிமன்றத்தால் உறுதி செய்யப்பட்ட தண்டனைக்குப் பின்னர் விடுதலையோ மறுவிசாரணையோ இழப்பீடோ வழங்க நாட்டின் சட்டத்தில் இடமில்லை என அரசு பதிலளித்தது.

2006 ஆம் ஆண்டுத் தீர்ப்பு

குழுவின் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, தனது தண்டனையை மீளாய்வு செய்யுமாறு சிங்கராசா மீண்டும் உயர் நீதிமன்றத்தை நாடினார். பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு 2006 செப்டம்பர் 15 ஆம் நாள் இம்மனுவைத் தள்ளுபடி செய்தது.

பன்னாட்டு உடன்படிக்கையில் அரசு கையெழுத்திட்டாலும், நாடாளுமன்றம் அதற்கெனச் சட்டம் இயற்றினாலன்றி உள்நாட்டில் எவருக்கும் உரிமை ஏற்படாது என நீதிமன்றம் கூறியது. இது சட்டத்துறையில் இருமைக் கோட்பாடு எனப்படும். மேலும், மக்களின் நீதித்துறை அதிகாரம் அரசியலமைப்பின்படி அமைந்த நீதிமன்றங்களுக்கே உரியது. 1997 இல் விருப்பத்திற்குரிய நெறிமுறையில் இணைந்ததன் மூலம் சனாதிபதி அவ்வதிகாரத்தை வெளி அமைப்பொன்றுக்கு வழங்க முற்பட்டுள்ளார். எனவே அச்செயல் அரசியலமைப்புக்கு முரணானது எனவும், உள்நாட்டில் சட்டப் பயனற்றது எனவும் தீர்ப்பளிக்கப்பட்டது.

இத்தீர்ப்பு வாக்குமூலம் பெறப்பட்ட விதத்தை மீண்டும் ஆராயவில்லை. வடுக்கள் எவ்வாறு ஏற்பட்டன, பொலிசாரே செய்த மொழிபெயர்ப்பை நம்பலாமா ஆகிய கேள்விகள் 1995 இல் விடப்பட்ட இடத்திலேயே நின்றன. மறுபுறம், பன்னாட்டுச் சட்டத்தின்படி இலங்கை அந்நெறிமுறையிலிருந்து விலகவில்லை. இதனால், ஒருவர் குழுவிடம் முறையிட்டு வெற்றி பெறலாம், ஆனால் அவ்வெற்றியை உள்நாட்டு நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியாது என்னும் நிலை உருவானது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம் சமவாயத்தின் சில உரிமைகளை மட்டும் உள்நாட்டுச் சட்டமாக்கியது.

இந்தியச் சட்டத்துடன் ஒப்பீடு

இந்தியாவில் 1987 ஆம் ஆண்டின் தடாச் சட்டமும் (பிரிவு 15), 2002 ஆம் ஆண்டின் பொடாச் சட்டமும் (பிரிவு 32) காவல்துறைக் கண்காணிப்பாளர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதலைச் சான்றாக ஏற்றன. தடாவின் 15 ஆம் பிரிவு செல்லும் என உச்ச நீதிமன்றம் 1994 இல் கர்த்தார் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. தடா 1995 இல் காலாவதியானது. பொடா 2004 இல் நீக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இவ்விதி மிகவும் அறியப்பட்டது இராஜீவ் காந்தி கொலை வழக்கினால் ஆகும். 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களுள் நால்வரின் மரண தண்டனையை மட்டும் உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனை அளித்தது. ஏனைய 19 பேர் விடுதலை பெற்றனர். தடாவின் கீழான பயங்கரவாதக் குற்றங்கள் நிரூபிக்கப்படவில்லை எனக் கூறிய நீதிமன்றம், தடாவின் கீழ்ப் பெறப்பட்ட ஒப்புதல்களைக் கொலைக் குற்றத்துக்குச் சான்றாக ஏற்றது. அந்நால்வருள் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த நடுவண் புலனாய்வுச் செயலக அதிகாரி வி. தியாகராசன், ஓய்வு பெற்றபின் 2013 இல், தான் வாங்கிய மின்கலங்கள் எதற்குப் பயன்படப் போகின்றன என்று தெரியாது எனப் பேரறிவாளன் கூறிய பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகக் கூறினார். பேரறிவாளன் 2022 மே 18 ஆம் நாள் விடுவிக்கப்பட்டார். எனினும் அது தண்டனைக் குறைப்பு மனுமீதான தாமதத்தை முன்னிட்டு வழங்கப்பட்ட விடுதலையே தவிர, வாக்குமூலத்தை மறு ஆய்வு செய்து அளிக்கப்பட்டதன்று.

மேன்முறையீட்டில் வாக்குமூலம் முழுமையாக ஆராயப்பட்டதற்கு அக்சர்தாம் வழக்கு எடுத்துக்காட்டாகும். 2002 செப்டம்பரில் குசராத்தின் காந்திநகரிலுள்ள அக்சர்தாம் கோயில்மீது நடந்த தாக்குதலில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2006 இல் பொடா நீதிமன்றம் ஆறு பேரைத் தண்டித்து, அவர்களுள் மூவருக்கு மரண தண்டனை விதித்தது. 2010 இல் குசராத் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2014 மே 16 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது.

பொடாச் சட்டத்தின்படி, ஒப்புதல் அளித்தவரை 48 மணி நேரத்துக்குள் தலைமை நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும். சித்திரவதை பற்றி அவர் முறையிட்டால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதன்பின் நீதிமன்றக் காவலில் வைக்க வேண்டும். இப்பாதுகாப்புகள் முறையாகப் பின்பற்றப்படவில்லை என உச்ச நீதிமன்றம் கண்டது. தாக்குதல் நடத்தியவர்களின் காற்சட்டைப் பைகளிலிருந்து எடுக்கப்பட்டதாகக் கூறப்பட்ட இரண்டு உருதுக் கடிதங்களையும் அது நம்பவில்லை. உடல்கள் குண்டுகளால் துளைக்கப்பட்டு இரத்தத்தில் தோய்ந்திருக்க, கடிதங்கள் மட்டும் கறையோ கிழிசலோ இன்றி இருந்தமையே காரணம். வழக்குத் தொடர அளிக்கப்பட்ட அனுமதியும் ஆய்வின்றி வழங்கப்பட்டது என நீதிமன்றம் கூறியது.

இரு வழக்குகளிலும் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் வாக்குமூலத்தை மறுத்தனர். இரண்டிலும் முதல் மேன்முறையீடு தோல்வியுற்றது. வேறுபாடு இரண்டு இடங்களில் உள்ளது. இந்தியச் சட்டத்தில், வாக்குமூலம் பெறப்பட்டவுடன் கைதியை நடுவர்முன் நிறுத்தும் ஒரு படி இருந்தது. அப்படி தவறியபோது, அதுவே மேன்முறையீட்டுக்கு உறுதியான ஆதாரமாயிற்று. இலங்கைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவில் அத்தகைய படி இல்லை. அடுத்ததாக, அக்சர்தாம் வழக்கில் இறுதி நீதிமன்றம் சான்றுகளை ஒவ்வொன்றாகத் தானே ஆராய்ந்தது. சிங்கராசா வழக்கில் இறுதி நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கே அனுமதி வழங்கவில்லை. எவ்வாறாயினும், அக்சர்தாம் வழக்கில் விடுதலை பெற்றோரும் தமது வாழ்நாளில் பல ஆண்டுகளைச் சிறையில் இழந்தனர்.

பிற்கால நிலை

2022 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், இலங்கையில் தடுத்து வைக்கும் உச்ச காலத்தை 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைத்தது. ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய 16 ஆம் பிரிவை அத்திருத்தம் மாற்றவில்லை. இந்தியாவில் தடாவும் பொடாவும் மறைந்தபின், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் இவ்வாறான விதி சேர்க்கப்படவில்லை. 2024 ஜூலை 1 முதல் 1872 ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் இடத்தைப் பெற்ற பாரதிய சாட்சிய அதிநியமும் காவல்துறையிடம் செய்யும் ஒப்புதலுக்கான தடையைத் தொடர்ந்து வைத்துள்ளது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவது அல்லது திருத்துவது பற்றிய விவாதங்களில் சிங்கராசா வழக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. நிரூபிக்கும் சுமை எவர்மீது உள்ளது என்பது வெறும் சட்ட நுணுக்கமன்று என்பதையும், ஐயத்துக்குரிய சான்றினை முதல் விசாரணையிலேயே ஆராயாது விட்டால் பின்னர் வரும் ஒவ்வொரு மேன்முறையீடும் அதனைத் திருத்துவதை விட உறுதிப்படுத்தவே நேரும் என்பதையும் இவ்வழக்கு காட்டுகிறது.